‘வாங்கியதை மறுத்தார்’, ‘வாங்க மறுத்தார்’: ஆங்கில ஜெரண்டைப் பட்டியல் இல்லாமல் கற்றுக்கொடுக்க முடியுமா?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறேன். ஜெரண்ட் பாடம் வந்தால் எல்லாக் கையேடுகளும் இரண்டு பட்டியல்களை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், டினை என்றால் பின்னால் ‘இங்’. வான்ட், ஹோப், டிசைட், ரெஃப்யூஸ் என்றால் பின்னால் ‘டு’. ஏன் என்று கேட்டால், மனப்பாடம் செய் என்பதுதான் பதில்.

இதில் ‘டினை’யும் ‘ரெஃப்யூ’ஸும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தமிழில் இரண்டுக்கும் ‘மறு’ என்ற ஒரே வினைதான். ஆனாலும் நமக்குக் குழப்பமே வருவதில்லை. பணம் வாங்கியதை மறுத்தார் என்றால் ஆள் மீது வழக்கு இருக்கிறது. பணம் வாங்க மறுத்தார் என்றால் நல்ல மனிதர். முன்னது ‘டினைட் டேக்கிங்’, பின்னது ‘ரெஃப்யூஸ்ட் டு டேக்’. தமிழில் வினை மாறவில்லை, அதற்கு முன்னால் நிற்கும் வடிவம் மட்டும் மாறுகிறது. ஒன்று தொழிற்பெயர், மற்றது செய என்னும் எச்சம்.

ஆங்கிலத்தின் ‘இங்’, ‘டு’ வேறுபாடும் இதே வேறுபாடுதானா? ஆம் என்றால், நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் பட்டியலாக்கி மிரட்டிக்கொண்டிருக்கிறோம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேனா

பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகப் பிடிக்கப் போனதால்தான் ‘ஹி சஜஸ்டட் டு கோ’ என்று எழுதும் தலைமுறை உருவாகியிருக்கிறது. அங்கே ‘சஜஸ்டட் கோயிங்’ என்றுதான் வர வேண்டும். உங்கள் செய எச்சம் அங்கே என்ன உதவி செய்யும்?

ஜெரண்ட் என்பது பெயராக நிற்கும் ‘இங்’. பார்ட்டிசிப்பிள் என்பது பெயரடையாக நிற்கும் ‘இங்’. நீச்சலைக் குறிக்கும் ‘ஸ்விம்மிங்’ ஜெரண்ட், நீந்துகிற மீனைக் குறிக்கும்போது பார்ட்டிசிப்பிள். இந்த ஒரு வரியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். நிறையப் படிக்கச் சொல்லுங்கள்.

சொல்லேருழவன்

ஐயா, அந்த ஒரு வரியில்தான் சிக்கலே தொடங்குகிறது. ‘ஐ என்ஜாய் ரீடிங் நாவல்ஸ் ஸ்லோலி’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ரீடிங்’ பெயர் என்றால் அதற்குச் செயப்படுபொருள் எப்படி வந்தது? ‘ஸ்லோலி’ என்ற வினையடை அதன் பின்னால் எப்படி ஒட்டியது? பெயரை வினையடை தழுவாது அல்லவா?

வெளியிலிருந்து பார்த்தால் அந்த முழுத் தொடரும் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அது வினை. உண்மையான பெயரும் ‘இங்’ வடிவத்தில் உண்டு: ‘த ஸ்லோ ரீடிங் ஆஃப் நாவல்ஸ்’. இங்கே முன்னால் ‘த’ வந்துவிட்டது, வினையடை பெயரடையாகிவிட்டது, செயப்படுபொருள் ‘ஆஃப்’ போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. எழுத்தில் ஒரே சொல், நடத்தையில் இரண்டு. மாணவர்கள் தேட வேண்டியது இந்த அடையாளங்களைத்தான். ‘த’வும் ‘ஆஃப்’பும் இருந்தால் பெயர். பொருளை நேரே தழுவினால், ‘நாட்’ முன்னால் வந்தால், ‘ஹேவிங் ரிட்டன்’, ‘பீயிங் ரிட்டன்’ என்று விரிந்தால் வினை.

தமிழிலும் இப்படித்தான். ‘புத்தகத்தை வேகமாகப் படிப்பது’ என்போம், ‘வேகமான படிப்பது’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘வாசிப்பு’ என்று வந்துவிட்டால் ‘வேகமான வாசிப்பு’தான். தல், அல், கை, பு என்று நன்னூல் அடுக்கும் தொழிற்பெயர் விகுதிகளில் சில இன்றைய வழக்கில் முழுப் பெயராக இறுகிவிட்டன, சில இன்னும் வினையின் குணத்தோடு இருக்கின்றன. ‘நடத்தை’யை யாரும் வினையாக உணர்வதில்லை. ‘நடப்பது’ அப்படியல்ல.

ஆங்கிலத்தில் ஒரே ‘இங்’ இத்தனை வேலை செய்வதற்கு வரலாறுதான் காரணம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு விகுதிகள் இருந்தன. வினையிலிருந்து பெயர் ஆக்க ‘உங்’ அல்லது ‘இங்’, பார்ட்டிசிப்பிளுக்கு ‘எண்டே’. இன்றைய ஜெர்மன் மொழியில் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது: குடியிருப்பு என்ற பெயர் ‘வோனுங்’, பாடுகிற என்பது ‘சிங்கெண்ட்’. இடைக்கால ஆங்கிலத்தில் ‘எண்டே’ தேய்ந்துபோய் அந்த இடத்தையும் ‘இங்’ பிடித்துக்கொண்டது. வடக்கிலும் ஸ்காட்லாந்துப் பக்கமும் ‘ஆண்ட்’ என்ற வடிவம் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது.

முதலில் வெறும் பெயராக இருந்த ‘இங்’ வடிவம் அதன் பிறகுதான் மெல்ல மெல்ல வினையின் குணங்களைச் சேர்த்துக்கொண்டது. இடையில் நெடுங்காலம் அரைகுறைக் கலவைகள் புழங்கின. ‘பை த செண்டிங் தெம்’ என்பதுபோல முன்னால் ‘த’ இருக்கும், பின்னால் ‘ஆஃப்’ இருக்காது. 1762-இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லோத் என்ற பாதிரியார்தான், வைத்தால் இரண்டையும் வை, விட்டால் இரண்டையும் விடு என்று கறாராக எழுதினார். இன்று நாம் பின்பற்றுவது ஏறத்தாழ அந்த ஏற்பாடுதான்.

வெட்டிப்பேச்சு

இவ்வளவு பெரிய விளக்கத்துக்கு நடுவே ஒரு சின்னச் சந்தேகம். ‘விசிட்டிங் ரிலேட்டிவ்ஸ் கேன் பி போரிங்’. உறவினர் வீட்டுக்குப் போவது சலிப்பா, வீட்டுக்கு வருகிற உறவினர்கள் சலிப்பா? அனுபவத்தில் இரண்டும்தான் என்றாலும், இலக்கணம் எதைச் சொல்கிறது?

சொல்லேருழவன்

இலக்கணமும் இரண்டும்தான் என்கிறது. சாம்ஸ்கி 1965-இல் எழுதிய நூலில் இதே அமைப்பில் ‘ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்’ என்ற வாக்கியம் வரும். விமானம் ஓட்டுவது ஆபத்து என்பது ஒரு பொருள், பறந்துகொண்டிருக்கும் விமானங்கள் ஆபத்து என்பது மற்றொன்று. குழப்பத்தைக் காப்பாற்றுவது ‘கேன்’. அதை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டால் ஓட்டுவது, ‘ஆர்’ போட்டால் விமானங்கள். ஒருமை பன்மை காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சில் அழுத்தமும் காட்டிக்கொடுக்கும். ‘டான்ஸிங் டீச்சர்’ என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் நடனம் சொல்லித்தருபவர். இரண்டாம் சொல்லையும் அழுத்தினால் ஆடிக்கொண்டிருக்கிற ஆசிரியர், அவர் கணக்கு வாத்தியாராகக்கூட இருக்கலாம். ‘ஸ்லீப்பிங் பில்’, ‘வெயிட்டிங் ரூம்’, ‘ஸ்விம்மிங் பூல்’ எல்லாம் முதல் வகை. மாத்திரை தூங்குவதில்லை, அறை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நீலக்குறிஞ்சி

நான் மொழிபெயர்ப்பாளர். இலக்கணப் பெயர்கள் எனக்கு அவ்வளவாக வராது, ஆனால் இந்த ‘இங்’ எனக்கு வேறொரு விதத்தில் தொல்லை கொடுக்கிறது. ‘ஹிஸ் லீவிங் அப்செட் அஸ்’ என்று நாவலில் ஒரு வரி வருகிறது. அவன் போனது எங்களை வருத்தியதா? போகப்போவது வருத்தியதா? அடிக்கடிப் போய்விடுவது வருத்தியதா? ஆங்கிலத்தில் காலம் சொல்லாமலே தப்பித்துவிடலாம். தமிழில் போனது, போகிறது, போவது என்று ஏதாவது ஒரு காலத்தில் காலை ஊன்றியாக வேண்டும். ‘போதல்’ என்று எழுதினால் காலம் காட்டாது, உண்மைதான், ஆனால் வாசகர் செய்யுள் படிப்பதாக நினைத்துக்கொள்வார். ‘அவனது பிரிவு’ என்று பெயராக்கலாம். அப்போது அந்த வரியில் இருந்த அசைவு போய்விடுகிறது. நான் பெரும்பாலும் அடுத்த பத்தியைப் படித்துவிட்டுத்தான் இந்த வரிக்குத் திரும்புவேன்.

கரிசல்மண் சொல்லும் ஒற்றுமை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நம் வடிவமும் அவ்வளவு சுத்தமானதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘அவன் எழுதியது எனக்குப் பிடித்தது’ என்றால் எழுதிய செயலா, எழுதப்பட்ட பொருளா? முதலாவது தொழிற்பெயர், இரண்டாவது வினையாலணையும் பெயர். எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தின் ‘ஹிஸ் ரைட்டிங்’கும் இதே இரட்டை வேடம் போடுகிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆங்கிலப் பதிப்பாசிரியர் ஒருவர் என் கட்டுரையில் ‘ஹிம் கமிங் லேட்’ என்று இருந்ததையெல்லாம் ‘ஹிஸ் கமிங் லேட்’ என்று திருத்தி அனுப்பினார். எது சரி?

பழையபேனா

‘ஹிஸ்’தான் சரி. இதில் பேச்சே இல்லை. வருவது யாருடையது? அவனுடையது. பெயருக்கு முன்னால் ஆறாம் வேற்றுமைதான் வரும். ஃபௌலர் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே எழாது.

சொல்லேருழவன்

ஃபௌலரைப் படித்துவிட்டு யெஸ்பர்சனையும் படித்தவர்களுக்கு எழும் ஐயா!

நடந்த கதையைச் சொல்கிறேன், சுவையானது. ஹென்றி ஃபௌலரும் அவர் தம்பி ஃபிரான்சிஸும் 1906-இல் ஒரு நடை நூல் வெளியிட்டார்கள். ‘ஹிம் கமிங்’ போன்ற அமைப்புக்கு ‘ஃப்யூஸ்ட் பார்ட்டிசிப்பிள்’ என்று அதில் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே வசை இருக்கிறது, இரண்டை உருக்கி ஒட்டிய கோணல் பொருள் என்பது போல. 1926-இல் வந்த தன் அகராதியில் ஹென்றி ஃபௌலர் இதை மறுபடியும் கையில் எடுத்தார். பெண்கள் வாக்குரிமை பெற்றிருப்பது ஆண்களின் அரசியல் பலத்தைக் குறைக்கிறது என்பது அவர் எடுத்துக்காட்டு. பிரிட்டனில் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்ததே 1928-இல்தான் என்பதால் அன்றைக்கு அது சூடான வாக்கியம். அதில் ‘விமென் ஹேவிங் த வோட்’ என்று எழுதிவிட்டு ஒருமை வினைமுற்றுப் போட்டால் எழுவாய் எது என்று கேட்டார். ‘விமென்’ என்றால் பன்மை வேண்டும். ‘ஹேவிங்’ என்றால் ‘விமென்’ அங்கே தொங்குகிறது. ஆகவே ‘விமென்ஸ் ஹேவிங்’ என்றே எழுத வேண்டும் என்றார்.

தர்க்கம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் அதே காலத்தில் எழுந்து, நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் எழுதிவந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுகளைக் குவித்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஃபௌலருக்கு ஆங்கிலேயர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதை ஒரு டேனிஷ்காரர் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

ஃபௌலர் வழியில் போனால் சில இடங்களில் நகரவே முடியாது. ‘ஐ டோன்ட் மைண்ட் தட் ஹேப்பனிங்’ என்பதில் ‘தட்’டுக்கு ஆறாம் வேற்றுமை எங்கிருந்து கொண்டுவருவது? ‘தேர் பீயிங் நோ அப்ஜெக்‌ஷன்’ என்பதில் ‘தேர்’ரை என்ன செய்வது?

தமிழ்க் காதோடு கேட்டால் யெஸ்பர்சன் பக்கம்தான் நியாயம். ‘அவன் வந்தது தெரியும்’ என்கிறோம். ‘அவனுடைய வந்தது’ என்பதில்லை. ‘வருகை’ என்று முழுப் பெயராகும்போதுதான் ‘அவனது வருகை’. உள்ளே வினை உயிரோடு இருக்கும்வரை அதற்கு எழுவாய் உண்டு, உடைமையாளர் இல்லை.

நீலக்குறிஞ்சி அம்மா, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: இரண்டுமே சரி. ‘ஹிஸ்’ சற்று முறைமையான நடை, வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாயாக நிற்கும்போது இன்னும் பொருந்தும். வினைக்குப் பின்னால் ‘ஹிம்’ இயல்பாக ஒலிக்கும். ஒரே எச்சரிக்கை: ‘ஐ சா ஹிம் கிராஸிங் த ரோட்’ போன்ற பார்த்தல் கேட்டல் வினைகளில் ‘ஹிஸ்’ நுழையவே கூடாது. அங்கே நான் பார்த்தது அவனை.

பழையபேனா

டேனிஷ்காரர் சொன்னாலும் சரி, தமிழ்க் காது சொன்னாலும் சரி, விண்ணப்பக் கடிதத்தில் ‘ஹிஸ்’ என்று எழுதினால் எந்த அதிகாரியும் முகம் சுளிக்கப்போவதில்லை. ‘ஹிம்’ என்று எழுதினால் சுளிக்கிறவர் ஒருவராவது இருப்பார். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பாதையைக் காட்டுவதுதான் வாத்தியார் வேலை.

நீலக்குறிஞ்சி

அதையும் ஏற்கிறேன் ஐயா. உரையாடல் பகுதிகளில் மட்டும் பதிப்பாசிரியரோடு சண்டை போடுகிறேன். கோபத்தில் கத்தும் தகப்பன் ‘ஹிஸ்’ என்று பார்த்துப் பார்த்துப் பேச மாட்டான்.

கரிசல்மண்

என் முதல் கேள்விக்குத் திரும்பலாமா? இந்தப் பின்னணியோடு இரட்டை வேடம் போடும் வினைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். கையேடுகள் இவற்றை விதிவிலக்குப் பட்டியலில், கடைசிப் பக்கத்தில் போட்டுவைத்திருக்கும். ஆனால் விஷயம் பளிச்சென்று தெரிவது இங்கேதான்.

‘ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’: புகைப்பதை நிறுத்தினான். ‘ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்’: புகைக்க நின்றான். இந்தச் சோடியை எல்லாரும் காட்டுவார்கள். ‘ஃபர்காட்’ எடுத்துக்கொண்டால், அவளைப் பார்த்ததை மறந்துவிட்டேன் என்பது ‘சீயிங்’, அவளைப் பார்க்க மறந்துவிட்டேன் என்பது ‘டு சீ’. முதலாவதில் சந்திப்பு நடந்துவிட்டது, இரண்டாவதில் நடக்கவே இல்லை. ‘ரிமெம்பர்’ அப்படியே இதன் மறுபக்கம். கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்பது ‘லாக்கிங்’, மறக்காமல் பூட்டினேன் என்பது ‘டு லாக்’. வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதி வழியில் நின்று யோசிப்பவருக்குத் தேவைப்படுவது முன்னது.

நான் மிகவும் ரசித்தது ‘டிரை’. ‘ஐ டிரைட் ஓப்பனிங் த விண்டோ’ என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் திறந்தது, ஆனால் புழுக்கம் போகவில்லை. ‘ஐ டிரைட் டு ஓப்பன்’ என்றால் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். அது திறந்துகொண்டதா என்பதே ஐயம். ‘பார்’ என்ற ஒரே துணைவினை, முன்னால் ‘திறந்து’ வந்தால் ஒரு பொருள், ‘திறக்க’ வந்தால் வேறு பொருள். ஆங்கிலேயர் மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லில் விளங்கவைக்கலாம்.

இங்கே ‘இங்’குக்கு நிகராக வந்தது தொழிற்பெயர்கூட இல்லை, ‘திறந்து’ என்ற வினையெச்சம் என்பதைக் கவனித்தேன். ஆக, பெயரா வினையா என்பதைவிட, நடந்ததா நடக்க வேண்டியதா என்பதுதான் இதன் உயிர்நாடி என்று தோன்றுகிறது.

வன்னித்தென்றல்

நீங்கள் கிட்டத்தட்ட பொலிங்கர் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டீர்கள். டுவைட் பொலிங்கர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1968-இல் இதே வேறுபாட்டைப் பற்றி எழுதினார். ‘இங்’ ஒரு செயலைக் கண்முன் இருக்கும் பொருளாக எடுத்துவைக்கிறது, ‘டு’ அதைக் கருதுகோளாக, இனி நிகழக்கூடிய ஒன்றாக நிறுத்துகிறது என்பது சாரம். ‘டு’ என்பது முதலில் திசையைக் காட்டிய முன்னிடைச்சொல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒன்றை நோக்கிப் போவதுதான் ‘டு’.

ஆனால் இதை விதியாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ‘மேனேஜ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘டு’ வருகிறது, ஆனால் காரியம் நடந்து முடிந்துவிட்டது. ‘ரிஸ்க்’, ‘போஸ்ட்போன்’, ‘கன்சிடர்’ எல்லாவற்றுக்கும் ‘இங்’, ஆனால் எதுவும் இன்னும் நடக்கவில்லை. ‘அவாய்ட்’ பற்றிச் சொல்லவே வேண்டாம், நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த வினையே இருக்கிறது. ‘நடந்தது’, ‘நடக்க வேண்டியது’ என்று கோடு போட்டுக் கொடுத்தால் தேர்வில் இந்த ஐந்தையும்தான் கேட்பார்கள்.

என் வகுப்பில் நான் வேறு மாதிரிச் சொல்வேன். ‘மேனேஜ்’ செய்தவன் ஒரு இலக்கை நோக்கிப் போய் அதை எட்டினான், அதனால் ‘டு’. தவிர்ப்பவன், தள்ளிப்போடுபவன், யோசிப்பவன் மூவரும் ஒரு செயலைப் பொருளாக முன்னால் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று பார்க்கிறார்கள். போவதைத் தவிர்த்தான், போவதைத் தள்ளிப்போட்டான், போவதைப் பற்றி யோசித்தான். தமிழிலும் இங்கெல்லாம் ‘போவது’தான் வருகிறது, ‘போக’ வருவதில்லை. இதற்கு மேலும் மீறி நிற்பவற்றைப் பட்டியலிலேயே விட்டுவிடலாம். பட்டியல் பாதியாகக் குறைந்தாலே பெரிய லாபம்.

பழையபேனா ஐயா சொன்ன ‘சஜஸ்ட்’ உண்மையிலேயே தமிழ் கைவிடும் இடம். ‘போகலாம் என்றான்’ என்றுதான் நாம் சொல்வோம். அதில் தொழிற்பெயரும் இல்லை, செய எச்சமும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பிள்ளைகள் ‘டு’வைப் போட்டுவிடுகிறார்கள்.

வெட்டிப்பேச்சு

‘ஐ லைக் ஸ்விம்மிங்’, ‘ஐ லைக் டு ஸ்விம்’. இது இரண்டும் ஒன்றுதானே? நானும் எங்காவது வெற்றி பெற வேண்டாமா?

வன்னித்தென்றல்

அமெரிக்கர்களிடம் பெரும்பாலும் ஒன்றுதான். பிரிட்டிஷ் வழக்கில் மெல்லிய வேறுபாடு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது என்று நினைப்பவர் ‘ஐ லைக் டு’ என்று சொல்லலாம். ‘ஐ லைக் கோயிங்’ என்று சொன்னால் அந்த நாற்காலியில் படுத்து வாயைத் திறந்திருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி என்றாகிவிடும். பாதி வெற்றி உங்களுக்கு.

தேர்வுப்புலி

நான் படித்துக்கொண்டிருப்பவன். இழையை முழுக்கப் படித்தேன், நன்றி. எனக்கு எப்போதும் மதிப்பெண் போவது ‘லுக் ஃபார்வர்ட் டு’ கேள்வியில். ‘டு’ வந்த பிறகும் ‘மீட்டிங்’ என்று எழுதச் சொல்கிறார்கள். ‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வராது என்றல்லவா படித்தோம்?

கரிசல்மண்

தம்பி, ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு உண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் முன்னொட்டு, மற்றொன்று சாதாரண முன்னிடைச்சொல். கண்டுபிடிக்க எளிய வழி: அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’ என்று சொல்ல முடிகிறது. அப்படியென்றால் அது முன்னிடைச்சொல், பின்னால் ‘இங்’தான் வரும். ‘ஐ வான்ட் டு யுவர் லெட்டர்’ என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே வினையின் அடிவடிவம். ‘அப்ஜெக்ட் டு’, ‘வித் எ வியூ டு’, ‘அக்கஸ்டம்ட் டு’ எல்லாம் முன்னிடைச்சொல் வகை.

‘யூஸ்ட் டு’ மட்டும் இரண்டு பக்கமும் போகும். ‘ஐ யூஸ்ட் டு வாக்’ என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால் நடந்து பழகிவிட்டேன். நடுவில் ‘ஆம்’ இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த விடைகளாக வைத்துத்தான் ஆளைக் கவிழ்ப்பார்கள்.

தேர்வுப்புலி

புரிந்தது அண்ணா. ஆனால் ஒரு வாக்கியம் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல் ஜெரண்டா, பார்ட்டிசிப்பிளா, வெர்பல் நவுனா என்று கேட்டால்?

சொல்லேருழவன்

இன்றைய ஆங்கில இலக்கண அறிஞர்களில் பலர் அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார்கள். 1985-இல் குவர்க்கும் மற்ற மூவரும் எழுதிய பெரிய இலக்கணம், ஓவியத்தைக் குறிக்கும் ‘பெயிண்டிங்’ என்ற முழுப் பெயரிலிருந்து ‘வரைந்துகொண்டிருக்கிறார்’ என்ற முழு வினைவரை ஒரு நீண்ட படிவரிசையைக் காட்டி, நடுவில் ஜெரண்ட் என்ற கோடு போடாமலே விட்டுவிட்டது. 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் ஒரு படி மேலே போனார்கள். ஜெரண்டுக்கும் பார்ட்டிசிப்பிளுக்கும் வெவ்வேறு வடிவம் உள்ள வினை ஆங்கிலத்தில் ஒன்றுகூட இல்லை, பிறகு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டு, ‘ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்’ என்று ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். ஜெரண்ட் என்ற பெயரே லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கென்று தனி வடிவம் உண்டு, அதனால் தனிப் பெயரும் பொருந்தும்.

பழையபேனா

அந்த அறிஞர்கள் யாரும் வினாத்தாள் திருத்த வரப்போவதில்லை.

தம்பி, ‘த’, ‘ஆஃப்’ இரண்டும் இருந்தால் வெர்பல் நவுன். செயப்படுபொருளை நேரே ஏற்றாலோ, தனியாக நின்று செயலின் பெயராக வந்தாலோ ஜெரண்ட். ஒரு பெயரைத் தழுவினாலோ, ‘இஸ்’, ‘வாஸ்’ உடன் தொடர்வினையாக வந்தாலோ பார்ட்டிசிப்பிள். ‘ஸ்லீப்பிங் பில்’ கேட்டால் ஜெரண்ட், ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ கேட்டால் பார்ட்டிசிப்பிள். சொல்லேருழவன் சொன்ன அடையாளங்கள்தான் இவை, நான் தேர்வு மொழியில் சொல்கிறேன். வேலை கிடைத்த பிறகு ஹடில்ஸ்டனைப் படித்துக்கொள்ளலாம்.

சொல்லேருழவன்

இதில் எனக்கு மாறுபாடில்லை ஐயா. பெயர் எதுவானாலும் அடையாளம் தெரிந்தால் சரி.

நீலக்குறிஞ்சி

கடைசியாக ஒன்று. ‘த ஷர்ட் நீட்ஸ் வாஷிங்’. சட்டையா துவைக்கிறது? செய்வினை வடிவத்தில் இருந்துகொண்டு செயப்பாட்டுப் பொருள் தருகிறதே. ‘வொர்த் ரீடிங்’கும் அப்படித்தான்.

சொல்லேருழவன்

ஆம், ‘நீட்ஸ் டு பி வாஷ்ட்’ என்பதன் பொருள்தான். நீட், டிசர்வ், வொர்த் போன்ற சிலவற்றுக்குப் பின்னால் மட்டும் இப்படி வரும். ‘இங்’ வெறும் பெயராக இருந்த காலத்தில் அதற்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்ற பேதமே கிடையாது. ‘சட்டைக்குத் துவைப்பு வேண்டும்’ என்றால் யார் துவைப்பது என்ற கேள்வி எழாது அல்லவா, அதுபோல. ‘பீயிங் வாஷ்ட்’ என்ற தனி வடிவமெல்லாம் பிற்பாடு வளர்ந்தது. தமிழிலும் ‘துவைக்க வேண்டிய சட்டை’ என்றுதான் சொல்கிறோம், ‘துவைக்கப்பட வேண்டிய சட்டை’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்திலும் ‘நீட்ஸ் வாஷ்ட்’ என்றே சொல்வார்கள். ‘இங்’கும் இல்லை, ‘டு பி’யும் இல்லை.

பழையபேனா

தேர்வுப்புலி, அந்தக் கடைசி இரண்டு வரியை நீங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.